அமராவதிபுதூர் ஆச்சிக்கு



அமராவதிபுதூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதிய கடிதம் இந்த மாதத் தபாலில் வந்தது. கோடு போட்ட தாளில் இரு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். கல்லூரியில் படிக்கும் பேரனுக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்திருக்கிறது. பல் கோளாறுதான் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்ததில் சில நாட்கள் ஓடிவிட்டன. பிறகு அடிபடாமலேயே தொடையிலும் முழங்கையிலும் கன்றிப்போன நீலத் திட்டுகள். ரத்தப் பரிசோதனை, மதுரை, அங்கிருந்து வேலூர் என்று குடும்பமே அலைந்திருக்கிறது. இப்போது பேரன் தேறி வருகிறான். ஆனால் ஆச்சிக்குத் தூக்கம் வரவில்லை.

“தம்பி, புள்ளைக்குப் பாஷாணத்தை ஊசியில ஏத்துறாகளாம். நெசந்தானா? இன்னொண்ணும் கேக்கணும். ரெத்தத்துல வந்த சீக்குன்னா பரம்பரையா வருமா? பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். வெளியில சொல்லவும் பயமா இருக்கு, மறைக்கவும் மனசில்லை.”

இரண்டுக்கும் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன், ஆச்சி. ஏற்றுவது பாஷாணத்தில் ஒரு வகைதான். உங்கள் பேரன் தேறி வருவதற்கு அதுவே காரணம். இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை. பேத்தியின் கல்யாணப் பேச்சை நிம்மதியாகத் தொடருங்கள்.

கடிதத்தோடு வைத்திருந்த நகலில் நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லூக்கீமியா என்று இருக்கிறது. ரத்தப் புற்றில் ஒரு வகை அது. மருத்துவர்கள் சுருக்கி ஏபிஎல் என்பார்கள். ஆச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கும் என்று தோன்றியதால் இந்தப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு மருத்துவர்கள் பெரிய காரியம் செய்த இடமும் இது. நம்மில் பலருக்கு அது தெரியாமலே இருக்கிறது.

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். காயம்பட்ட இடத்தை அடைக்கும் தட்டணுக்களுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். கிருமிகளோடு மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. செலவு இவ்வளவு இருப்பதால் வரவு நிற்காமல் இருக்க வேண்டும். அந்த வரவுக்கு மூலம் ரத்தக் குருத்தணுக்கள். ஒரு குருத்தணு பெருகித் தன்னைப் போலவே இன்னொன்றைத் தரும். வேறு வழியில் வளர்ந்து சிவப்பணுவாகவோ வெள்ளை அணுவாகவோ தட்டணுவாகவோ முதிரவும் செய்யும். கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் என்ற இருவர் 1961இல் எலிகளை வைத்து இதற்கு முதல் உறுதியான சான்றைக் காட்டினார்கள்.

இதில் ஒரு புதிர் உண்டு. குருத்தணுவிலும், அதிலிருந்து வந்த வெள்ளை அணுவிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஒரே எழுத்து, ஒரே ஏடு. பிறகு எப்படி ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் ஆகிறது?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். அறைகள் எத்தனையோ. எல்லா அறையும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கல்யாணத்துக்குத் திறப்பவை வேறு, நாள்தோறும் புழங்குபவை வேறு. வீடு மாறுவதில்லை, எந்த அறை திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது. உயிரணுவிலும் அப்படியே. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புரதங்களின் மீது அசிட்டைல் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டினால் சுற்று தளர்ந்து அங்குள்ள மரபணு வேலை செய்யும். அதை நீக்கிவிட்டால் சுற்று இறுகி மரபணு அடங்கிவிடும். டிஎன்ஏவின் மேலேயே மெத்தில் என்ற கூறு ஒட்டிச் சில மரபணுக்களை மூடி வைப்பதும் உண்டு. எழுத்தை மாற்றாமல் திறப்பதும் மூடுவதுமான இந்த ஏற்பாட்டைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ். அந்தப் பெயரை 1942இல் வைத்தவர் கான்ராட் வாடிங்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். குருத்தணு எப்போது பெருக வேண்டும், எப்போது பெருக்கத்தை நிறுத்தி முதிர வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆச்சியின் பேரனுக்கு வந்த நோய், முதிர வேண்டிய நேரத்தில் முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மூடிக்கொண்டதால் வந்தது.

எப்படி என்று சொல்கிறேன். மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் 15ஆவது குரோமோசோமும் 17ஆவது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. சிகாகோவில் ஜேனட் ரவுலி என்ற பெண் மருத்துவரின் குழு 1977இல் இதைக் கண்டு சொன்னது. 17ஆவதில் உடைவது, வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் உண்டாக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் சொல்லைக் கேட்டு முதிர்ச்சி மரபணுக்களைத் திறந்துவிடும் ராரா என்ற மரபணு. 15ஆவதில் உள்ள பிஎம்எல் என்ற மரபணுவோடு அது ஒட்டிக்கொண்டதும் பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் பிறக்கிறது. திறக்க வேண்டிய இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு, அசிட்டைலை நீக்கும் நொதிகளைக் கூட்டி வந்து, சுற்றை இறுக்கிவிடுகிறது அது. வெள்ளை அணு பாதி வளர்ந்த புரோமைலோசைட் நிலையிலேயே நின்றுபோகிறது. நின்றது சாவதும் இல்லை, பெருகிக்கொண்டே போகிறது. நல்ல அணுக்களுக்கு மஜ்ஜையில் இடமில்லாமல் ஆகிறது.

ஆச்சி, இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது. அந்த உடைவு பேரன் பிறந்து வளர்ந்த பிறகு, அவன் மஜ்ஜையின் ஓர் அணுவில் நேர்ந்தது. அப்பனிடமிருந்தோ ஆத்தாளிடமிருந்தோ வந்ததில்லை. அவன் தங்கையின் ரத்தத்தில் அது இல்லை. அவனுக்கு நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேராது. ரத்தம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குலத்தையும் கோயிலையும் பார்த்துப் பெண் கொடுத்து எடுக்கும் நம் ஊர்களில் இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தாலேயே நோயை மறைத்து, ஊருக்குத் தெரியாமல் வைத்தியம் பார்த்து, நாளைக் கடத்திய வீடுகள் உண்டு. சம்பந்தி வீட்டார் கேட்டால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். அவர்களும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும்.

லீஃப் ஹில்லஸ்டாட் என்ற நார்வே மருத்துவர் 1957இல் மூன்று நோயாளிகளை வைத்து இந்நோயைத் தனி வகையாக விவரித்தபோது, ரத்தப் புற்றுகளிலேயே மிகக் கொடியது இதுதான் என்றார். சில வாரங்களில் உயிர் போய்விடும். முதிராத அந்த அணுக்களில் உள்ள பொருட்கள் ரத்த நாளங்களுக்குள் தாறுமாறாக உறைதலைத் தூண்டி, உறைவதற்கான புரதங்களை எல்லாம் செலவழித்துவிடுகின்றன. தட்டணுக்களும் குறைந்திருக்கும். அதன் பிறகு ஈறில், தோலில், நுரையீரலில், மூளையில் கசிவு. அன்று மிகக் கொடியதாக இருந்த அதே நோய்தான் இன்று லூக்கீமியாக்களில் மிக நன்றாகக் குணமாகும் வகைகளில் ஒன்று.

முதல் திருப்பம் சீனாவில் நேர்ந்தது. ஷாங்காய் நகரில் வாங் ஜென்யி என்ற மருத்துவர், கெட்ட அணுக்களைக் கொல்வதற்குப் பதிலாக அவற்றை முதிர வைத்தால் என்ன என்று யோசித்தார். ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமான அட்ராவை மாத்திரையாகக் கொடுத்தார். 1988இல் அவர் குழு வெளியிட்ட முடிவில் 24 பேரில் 23 பேருக்கு அந்த மாத்திரை ஒன்றிலேயே நோய் அடங்கியிருந்தது. மிகுதியான மருந்து சேர்ந்ததும், கூடிவந்த நொதிகள் விலகுகின்றன, இறுகிய சுற்று தளர்கிறது, நின்றுபோன அணு முதிர்ந்து தன் ஆயுள் முடிந்து போகிறது. புற்றணுவைக் கொல்லாமல் வளர்த்துக் கரையேற்றியதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இரண்டாவது திருப்பம் பாஷாணம். அதுவும் சீனாவில்தான், வடகோடியில் இருக்கும் ஹார்பின் நகரில். ஊர்ப்புறத்தில் புழங்கிய ஒரு நாட்டு மருந்தை 1970களில் ஆராய்ந்த ஜாங் டிங்டாங்கும் அவருடைய சகாக்களும், அதில் வேலை செய்வது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் டிரையாக்சைடு என்று கண்டார்கள். அதைத் தூய்மையாக்கி ஊசி மருந்தாக்கினார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆர்சனிக் அந்தக் கலப்புப் புரதத்தின் பிஎம்எல் பகுதியிலேயே போய்ப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிய புரதத்தைக் கழிவு என்று அடையாளம் கண்டு உயிரணுவே சிதைத்துவிடுகிறது. தடையாக உட்கார்ந்திருந்தது போனதும் முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன.

இனி வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேமன் சாண்டி தலைமையில் 1986இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் 1990களின் இறுதியில் ஏபிஎல் நோயோடு வந்தவர்களின் நிலை வேறு. உலகம் ஒப்புக்கொண்ட சிகிச்சை, அட்ராவோடு கடுமையான கீமோதெரபி. அதன் செலவும், அதனால் வரும் கிருமித்தொற்றைச் சமாளிக்கும் செலவும் பெரும்பாலான குடும்பங்களால் தாங்க முடியாதவை. மருந்து இருந்தும் பணமில்லாமல் நோயாளியை அழைத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள், ஆர்சனிக்கை மட்டும் கொடுத்துப் பார்ப்பது என்று துணிந்தார்கள். மற்ற நாடுகளில் அது அப்போது நோய் திரும்பி வந்தவர்களுக்கான மருந்தாகத்தான் பெரிதும் பார்க்கப்பட்டது.

1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. விக்ரம் மேத்யூஸ், மேமன் சாண்டி, அலோக் ஸ்ரீவத்ஸவா உள்ளிட்ட குழு 2006இல் ‘பிளட்’ என்ற ஆய்விதழில் முடிவை வெளியிட்டது. 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பவில்லை. முதல் கட்டம் முடிந்ததும் வீட்டிலிருந்தபடியே வந்து போய் மருந்து ஏற்றிக்கொள்ள முடிந்தது. தலைமுடி கொட்டி, வாய் புண்ணாகி, படுக்கையோடு கிடக்கும் கீமோதெரபியின் வேதனை இல்லை. வெள்ளை அணுக்கள் அதிகம் ஏறாமலும் தட்டணுக்கள் அதிகம் இறங்காமலும் வந்து சேர்ந்த 22 பேரில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை, ஒருவரையும் இழக்கவில்லை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் 2013இல் அட்ராவையும் ஆர்சனிக்கையும் சேர்த்துக் கொடுத்து, கீமோதெரபி இல்லாமலே, அபாயம் குறைந்த நோயாளிகளில் இரண்டு ஆண்டு முடிவில் 97 விழுக்காடு வெற்றி கண்டார்கள். இன்று பல நாடுகளில் அத்தகைய நோயாளிகளுக்கு அதுவே முதல் சிகிச்சை. கீமோதெரபி இல்லாமல் இந்நோயை வெல்லலாம் என்ற துணிச்சலுக்கு வேலூரில் நடந்ததும் ஒரு காரணம் என்பதே என் கருத்து. கைப்பொருள் இல்லாத நோயாளிக்காக யோசித்தது பிறகு பணக்கார நாடுகளின் நோயாளிக்கும் நல்ல வழியாக ஆயிற்று. இதை நம் பள்ளிப் பாடநூல்களில் சேர்க்க வேண்டும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்கு நவபாஷாணம் என்ற பெயர் பழக்கமானது. சித்த மருத்துவ நூல்கள் 64 பாஷாணங்களைப் பேசுகின்றன. மேற்கிலும் தாமஸ் ஃபவுலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1786இல் சொன்ன ஆர்சனிக் கரைசலைப் பின்னாளில் ரத்தப் புற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் “நம் முன்னோர் சொன்னதுதானே, நாமே வாங்கிக் கொடுக்கலாமே” என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலூரில் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏற்றியது 10 மில்லிகிராம். அந்த அளவுக்கே இதயத் துடிப்பின் ஓட்டம் பாதிக்கப்படலாம் என்று இசிஜி எடுக்கிறார்கள், ரத்தத்தில் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். அணுக்கள் ஒரே நேரத்தில் முதிரத் தொடங்கும்போது காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே ஸ்டீராய்டு கொடுத்து அடக்க வேண்டும். இந்தக் காவல் இல்லாத இடத்தில் அது வெறும் நஞ்சு. மற்ற ரத்தப் புற்றுகளுக்கு இது மருந்தும் ஆகாது, ஏனென்றால் அந்தக் கலப்புப் புரதம் அவற்றில் இல்லை.

வேறு சில ரத்த நோய்களிலும் இதே எபிஜெனெடிக் வழியில் மருந்துகள் வந்திருக்கின்றன. மெத்தில் கூறு அளவுக்கு மீறி ஒட்டுவதைக் குறைக்கும் அசாசிட்டிடின் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கும் மஜ்ஜை சோர்ந்த முதியவர்களுக்குத் தருகிறார்கள். மெத்திலை ஒட்டும் டிஎன்எம்டி3ஏ, அதை நீக்கும் டெட்2 ஆகிய மரபணுக்களில் வயதாக ஆகப் பழுது சேர்வதும், 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படிப்பட்ட பழுதோடு பெருகிய ரத்த அணுக் கூட்டம் இருப்பதும் 2014இல் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரையே வெளியிட வேண்டும்.

இப்போது நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். ஏபிஎல் நோயில் இன்றும் உயிர் போவது பெரும்பாலும் சிகிச்சை தோற்பதால் அல்ல, சிகிச்சை தொடங்கும் முன்போ தொடங்கிய முதல் சில நாட்களிலோ ஏற்படும் ரத்தக்கசிவால். நிபுணர்களின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: சந்தேகம் வந்தவுடன் அட்ராவைத் தொடங்கிவிடு, மரபணுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்காதே. அந்தச் சந்தேகம் எழுவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தீற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துகள்கள் நிறைந்த முதிரா அணுக்களும் அவற்றுக்குள் ஊசி ஊசியாக ஆவர் கம்பிகளும் தெரியும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் லேப் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். தட்டணு குறைந்த ரிப்போர்ட்டை இயந்திரம் துப்பியதும் டெங்கு என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஸ்லைடைக் கண்ணால் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நோயாளியின் கையில் காகிதத்தைக் கொடுத்து அனுப்பாமல் மருத்துவரைப் போனில் அழைத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். காரணமில்லாமல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், அடிபடாமல் நீலத் திட்டுகள் தோன்றினால், பெண்களுக்கு மாதப்போக்கு வழக்கத்துக்கு மாறாகக் கொட்டினால், காலில் சிவப்புப் புள்ளிகள் பரவினால் அன்றைக்கே சிபிசி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், கசிவு அதிகமாகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் தேடும்படி வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று நம் இளைஞர்களுக்கு. இந்த நோயாளிக்கு முதல் இரண்டு வாரங்களில் தட்டணுக்கள் மீண்டும் மீண்டும் தேவைப்படும். எடுத்த தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் சேர்த்து வைக்க வழியில்லை. கொடுப்பவர் அன்றன்றைக்கு வர வேண்டும். 18 வயது நிறைந்து, 50 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள், உங்களுக்கு அருகில் உள்ள ரத்த வங்கியில் தட்டணு தானத்துக்கு உங்கள் பெயரையும் போன் எண்ணையும் இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்